நாலாயிரம் ஹெர்ட்ஸ்

சோமனூரில் எனக்கொரு கூண்டு இருக்கிறது.
பஞ்சடைத்த சுவர், இரட்டைக் கண்ணாடி, ஒரு ஸ்டூல்.
வெளியே தறிகள் ஓய்வதேயில்லை.
உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினால்
தறிக்காரர்களுக்கு வியர்த்துவிடும்.
"ஏனுங்க, கரண்டு போயிருச்சுங்களா?"
எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.

இன்றைக்கு ராக்கியப்பன்.
வயது ஐம்பத்து மூன்று.
முப்பத்தொரு வருடம், எட்டுத் தறி, ராத்திரி ஷிப்ட்.
ஹெட்போனை மாட்டிவிட்டு
சத்தம் கேட்டா பொத்தானை அமுக்குங்க என்றேன்.
இருநூற்றைம்பதில் அமுக்கினார்.
ஐந்நூறில், ஆயிரத்தில் அமுக்கினார்.
நாலாயிரத்தில்
கட்டைவிரலைப் பொத்தான்மேல் வைத்தபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்,
கடைசி பஸ் போனது தெரியாமல்
நிறுத்தத்தில் நிற்பவர் போல.

தாளில் கோடு அந்த இடத்தில் கிணற்றுக்குள் இறங்கும்.
இந்த ஊர்க் காதுகள் எல்லாவற்றிலும்
அதே இடத்தில் அதே கிணறு.
சிள்வண்டு போயிருக்கும். கொலுசு போயிருக்கும்.
போனில் மகள் பேசும்போது
ச என்ற எழுத்தே இல்லாத தமிழாக இருக்கும்.

நேற்றிரவு தூக்கம் வராமல்
செவ்வாயிலிருந்து வந்த ஒலிகளைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
ஆறு சக்கர வண்டி ஒன்று
கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு திரிகிறது.
அங்கே காற்று சல்லாத்துணி மாதிரி,
அதுவும் பெரும்பாலும் கரியமிலம்.
மேல் சுருதியையெல்லாம் அது குடித்துவிடும்.
நாலு வீடு தள்ளிக் கொலுசு ஆடினால்
இங்கே ஒன்றும் வந்து சேராது.
அதாவது
ஒரு கிரகமே முப்பது வருடம் தறி ஓட்டியிருக்கிறது.

விதிமுறையில் இல்லாத காரியம்தான்.
ரிசல்ட்டை ஓரமாக வைத்துவிட்டு
அந்த ஒலியைப் போட்டேன்.

முதலில் காற்று.
தலையைச் சாய்த்தார். "ஆடிக்காத்துங்களா?"
இல்லீங்க.
"அப்பக் கணவாய்ப் பக்கம் எங்காச்சும்.
லாரியில தார்ப்பாய் அவுந்துக்கிட்டா
இப்பிடித்தானுங்க அடிக்கும்."

பிறகு, கல்லில் ஏறும் சக்கரம்.
"பேரிங் போச்சு. கிரீஸ் வெக்கச் சொல்லுங்க."

பிறகு அந்தச் சின்ன ஹெலிகாப்டர்.
தூரத்தில், அடித்தொண்டையில்,
எண்பத்து நாலு ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம்.
நான் சொல்லவில்லை. அவராகவே
பொத்தானை அமுக்கினார்.
அமுக்கியபடியே இருந்தார்.

"இதைய ஓட்டறவன் யாருங்க?"
ஆளில்லீங்க.
"ஒருத்தருமா?"
ஒருத்தருமில்லீங்க. அது செவ்வாய்க் கிரகமுங்க.

கொஞ்ச நேரம் பேசவில்லை.
அப்புறம் கேட்டார்:
"ஷிப்ட் எத்தன மணிக்கு மாறும்?"
அங்கே ஒரு நாள் நம்ம நாளைவிட
நாற்பது நிமிடம் நீளம் என்றேன்.
"தெனமும் நாப்பது நிமிசம் சேத்தி ஓட்டோணும்.
கணக்குல ஏத்துவாங்களா?"

அந்த ஊர்ச் சூரியன் இறங்கும் படத்தையும் காட்டினேன்.
பழுப்பு வானம்; சூரியனைச் சுற்றி மட்டும் நீலம்.
கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார்.
"இந்த நீலத்துல நொய்யல் ஓடுன வருசம்
எனக்கு நெனப்பிருக்குதுங்க.
ஜீன்ஸ் ஆர்டரு."

கருவியின் விலையைச் சொன்னேன்.
பொங்கல் போனஸ் வரட்டும் என்றார்.
அந்த ஹெலிகாப்டர் இறக்கை முறிந்து
மணலில் நின்றுவிட்டதை நான் சொல்லவில்லை.
கதவைத் திறந்தார். தெரு முழுக்க இருந்த தறிச்சத்தம்
மூட்டை அவிழ்ந்தது போல உள்ளே கொட்டியது.
அவர் தோள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

எண்பத்து நாலு ஹெர்ட்ஸுக்கு
என் படிவத்தில் கட்டமே கிடையாது.
ஓரத்தில், பேனாவால், எழுதி வைத்தேன்:
கேட்கிறது.